ஒன்பது முறை அணைத்தவர்

“செத்துப்போச்சு மேடம்,” என்றார் ஞானப்பிரகாசம்.

ரிஸ்வானா அப்போதுதான் கடைக்குள் நுழைந்திருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“யாரு?”

“இந்த லேப்டாப்.”

ஞானப்பிரகாசத்துக்கு வயது ஐம்பத்தொன்பது. தொலைபேசி இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் லேப்டாப் ரிப்பேர் கற்றுக்கொள்ள வந்தார். ரிஸ்வானாவுக்கு முப்பத்தொன்று. குருவைவிடச் சீடர் இருபத்தெட்டு வயது மூத்தவர் என்பதில் இருவருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்?

“என்ன பண்ணீங்க?”

“உள்ள எட்டு ஜிபி ரேம் இருந்துச்சு. பக்கத்து ஸ்லாட்ல புதுசா பதினாறு மாட்டினேன். பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுத்துது. ஸ்க்ரீன் கறுப்பு.”

“அப்புறம்?”

“ஆஃப் பண்ணேன். ரெண்டையும் கழட்டி, ரப்பரால நல்லாத் தேச்சேன். இடம் மாத்தி மாட்டினேன். கறுப்பு. திரும்ப ஆஃப் பண்ணேன். திரும்பத் தேச்சேன்.”

“எத்தனை தடவை?”

“ஒன்பது.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உழைப்புக்குக் குறைவில்லை, பாருங்கள்.

“ஒவ்வொரு தடவையும் எவ்ளோ நேரம் விட்டீங்க?”

“பத்து எண்ணுற வரைக்கும். ரிசீவரை எடுத்தா டயல்டோன் வரணும் மேடம். பத்து எண்ணியும் வரலைன்னா லைன் டெட். முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் பாத்தது இதுதான்.”

ரிஸ்வானா பையைக் கழற்றினாள்.

“பொருத்தம் பாக்காம சேத்தா இப்படித்தான்,” என்றார் அவர். “இது வேற கம்பெனி, அது வேற கம்பெனி. இது ஏழு வருஷப் பழசு, அது போன மாசத்துச் சரக்கு. வேகமும் வேற. பத்துப் பொருத்தத்துல ஒண்ணுகூட இல்ல.”

மேசைக்கு எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப் அவர்களுடையது.

மனைவி பெயர் தையல்நாயகி. கழுத்தில் ஒரு மெல்லிய துணி சுற்றியிருந்தது. ஏழு மாதத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. போகும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டதால், அதற்கு முந்திய பத்து நாளும் மைக் முன்னால் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்துத் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பதிவை வைத்து, அவர் எழுத்தை அடித்தால் அவர் குரலிலேயே பேசுகிற ஒரு மென்பொருள் உண்டு. லேப்டாப்பில் அதைப் போட்டும் கொடுத்திருந்தார்கள். ஆனால் எட்டு ஜிபி அதற்குப் போதவில்லை. இரண்டு வார்த்தை வருவதற்குள் எல்லாம் உறைந்துபோகும்.

இன்று சாயங்காலம் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

தையல்நாயகி சின்ன நோட்டில் ஏதோ எழுதிக் காட்டினார். கணவர் சுந்தரவதனம் அதை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவ என்ன சொல்றான்னா, முடியலைன்னா விட்டுடுங்க, சிரமப்படாதீங்க, மண்டபத்துல என்னையே எல்லாரையும் வரவேற்றுப் பேசிடச் சொல்றா.”

நோட்டில் இருந்தது, “எவ்வளவு நேரம் ஆகும்?” என்பது மட்டும்தான்.

ரிஸ்வானா அதைப் படித்தாள். பழைய ரேமைப் பழைய இடத்தில் மாட்டினாள். புதியதைப் பக்கத்தில் மாட்டினாள். இரண்டும் ‘டிக்’ என்று உட்கார்ந்தன. மூடியைப் பொருத்தி, லேப்டாப்பைத் திருப்பி வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

“நான்தான் சொன்னேனே,” என்று ஞானப்பிரகாசம் அணைக்கக் கையை நீட்டினார்.

ரிஸ்வானா பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து இரண்டு கண்ணாடி டம்ளர்களில் விளிம்பு வரைக்கும் டீ ஊற்றினாள். ஒன்றை அவர் வலது கையில் கொடுத்தாள். இன்னொன்றை இடது கையில் கொடுத்தாள்.

“அவங்களுக்கா?”

“உங்களுக்கு.”

“ரெண்டுமா?”

“ரெண்டும். கீழ வைக்காதீங்க. சிந்தாதீங்க.”

அவர் நின்றார். டீ சுட்டது. மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணி முடித்தார். திரை கறுப்பாகவே இருந்தது.

“லைன் டெட் மேடம்.”

“இல்ல. பேசிட்டிருக்காங்க.”

“யாரு?”

“அது ரெண்டும்.”

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

“ஒண்ணு ஒரு நாட்டுல செஞ்சது. இன்னொண்ணு வேற நாட்டுல செஞ்சது. இதுக்கு முன்னாடி ஒண்ணை ஒண்ணு பாத்ததில்ல. ஒவ்வொண்ணுலயும் கடுகளவு ஒரு சிப் இருக்கும். நான் இன்னார், என்னால இவ்ளோதான் முடியும்னு அதுல எழுதியிருக்கும். மதர்போர்டு முதல்ல அதைப் படிக்குது.”

“படிச்சிட்டு?”

“ஒரு வார்த்தைய அனுப்பிப் பாக்கும். அதே வார்த்தை திரும்பி வருதான்னு கேக்கும். தப்பா வந்தா, நேரத்தை ஒரு மயிரிழை நகத்திட்டுத் திரும்ப அனுப்பும். திரும்பக் கேக்கும். ஆயிரம் தடவை. பத்தாயிரம் தடவை. ரெண்டும் சரியாச் சொல்ற வரைக்கும் ஸ்க்ரீனை எழுப்பாது.”

“இப்பவா? இந்த நிமிஷமா?”

“இப்பதான்.”

ஞானப்பிரகாசம் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தூங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில் பேசுவதுபோல.

“அப்ப நான் ஆஃப் பண்ணப்ப எல்லாம்...”

“முதல்லேருந்து.”

“ஒன்பது தடவையும்?”

“ஒன்பது தடவையும்.”

முப்பத்தாறு வருடத்தில் ‘டெட்’ என்று எழுதிக் கொடுத்த லைன்கள் எத்தனையோ அவர் மனதில் வந்துபோயின. இரண்டு கையிலும் டீ இருந்தும் குடிக்கத் தோன்றவில்லை.

சுந்தரவதனம் எழுந்து உலாவத் தொடங்கினார். “வேற கடைக்குப் போயிடலாமா? மூணு நிமிஷம் ஆச்சே!” தையல்நாயகி மட்டும் அசையவில்லை. கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் என்ன நடக்கிறது என்று அந்தக் கடையில் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

திரை வெளுத்தது.

ஆயிரம் கம்பம் ஏறி இறங்கிய மனிதர், ஒரு வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். ரிஸ்வானா டம்ளர்களை அவரிடமிருந்து வாங்கி, தம்பதி முன் வைத்தாள். பிறகு நாலைந்து பொத்தான்களைத் தட்டி எண்களைக் காட்டினாள். மொத்தம் இருபத்து நாலு ஜிபி.

அவர் குனிந்து பார்த்தார். “வேகம் ரெண்டாயிரத்து நானூறுன்னு இருக்கே. புதுசு மூவாயிரத்து இருநூறு ஆச்சே மேடம்?”

“பழசால அவ்ளோ ஓட முடியாது.”

“அதனால?”

“அதனால புதுசு இறங்கி வந்திருக்கு.”

“யார் சொல்லி?”

ரிஸ்வானா கையை விரித்தாள். அவ்வளவுதான்.

அவர் இன்னொரு தடவை எண்ணைப் பார்த்தார். கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

லேப்டாப்பைத் தையல்நாயகியின் பக்கம் திருப்பினாள் ரிஸ்வானா. அவர் மென்பொருளைத் திறந்தார். ஒரே விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

“என்ன அடிக்கிறான்னா,” என்று ஆரம்பித்தார் சுந்தரவதனம், “உங்க எல்லாருக்கும் ரொம்ப—”

லேப்டாப் பேசியது.

ஒரு பெண்ணின் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் தஞ்சாவூர் இழுப்பு. எங்கும் உறையவில்லை. முழுசாக வந்தது.

“ஏழு மாசமா நீங்க சொன்னது எதுவும் நான் சொல்ல வந்தது இல்ல.”

சுந்தரவதனத்துக்கு முதலில் அந்தக் குரல்தான் கேட்டது. முகம் மலர்ந்தது. பிறகுதான் வார்த்தைகள் கேட்டன. முகம் அப்படியே நின்றது.

“எதுவுமா?”

அந்த அம்மாள் ஆமென்று தலையசைத்தார்.

“அப்ப நீ... என்னதான் சொல்ல வந்தே?”

தையல்நாயகி விரலைப் பொத்தான்களின் மேல் கொண்டுபோனார். ஓர் எழுத்து அடித்தார். நிறுத்தினார். யோசித்தார். அதை அழித்தார். விரல் அங்கேயே நின்றது.

கடையில் ஒரு சத்தமும் இல்லை.

சுந்தரவதனம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. வாயைத் திறந்தார்.

“இவ என்ன சொல்ல வர்றான்னா—”

“சார்,” என்றார் ஞானப்பிரகாசம். “ஆஃப் பண்ணாதீங்க.”