சுவருக்கு அந்தப் பக்கம்

“நான் கிளம்புகிறேன் அம்மா. இங்கே எல்லோரும் எனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள்.”

துணிமூட்டையோடு வந்து நின்றவர் திருமேனி. ஒரு காலத்தில் நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு வருமுன், இதே காரணம் சொல்லி வேறு இடங்களையும் விட்டு வந்தவர்.

ஆசிரமத்தின் குரு மங்கையர்க்கரசி அம்மை, அவரைவிட வயதில் சின்னவர். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்கிறார்கள்?”

“நான் சமையல்கட்டுக்குள் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருப்பார்கள்.”

“உங்களைப் பார்த்துத்தான் என்று எப்படித் தெரியும்?”

“நெஞ்சு சொல்கிறது அம்மா.”

அம்மை மறுக்கவில்லை. ஆமென்றும் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்.

“நாடகக் காலத்தில் யாரும் உங்களைப் பார்த்துச் சிரித்ததில்லையா?”

திருமேனியின் முகம் இளகியது.

“சிரிக்காமலா? ஆவுடையப்பன் என்று எங்கள் கோமாளி. நாடகம் முடிந்து லாரியில் போவோம். திரைச்சீலை மூட்டைகள்மேல் சாய்ந்து கிடப்போம். விடிகிற நேரம், பனிக்காற்று. நான் கண்ணை மூடிக் கழுத்தை ஆட்டி வாசிப்பேனே, அதை அப்படியே செய்து காட்டுவான். ராணி வேஷக்காரர் பாதி கலைத்த அரிதாரத்தோடு புரண்டு புரண்டு சிரிப்பார். வழியில் டீக்கடையில் நிறுத்தினால் அங்கேயும் செய்வான். கடைக்காரர் டீ ஆற்றுவதை விட்டுவிட்டுச் சிரிப்பார்.”

“கோபம் வராதா?”

“வராது.”

“ஏன்?”



“அவன் கை என் தோள்மேல் இருக்கும் அம்மா.”

கடலைத்தோல் காற்றில் பறந்து திருமேனியின் மடியில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

“அப்புறம்?”

“குழு கலைந்தது. ஆவுடையப்பனும் போய்ச் சேர்ந்தான். நான் டவுனில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தேன். பல வருஷம். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்கும். வார்த்தை புரியாது. காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன். என்னைத்தான் திட்டுகிறார்கள். ‘கிழவன் எப்போது காலி செய்வான்’ என்கிறார்கள்.”

“வார்த்தை புரியாது என்றீர்களே.”

“புரியாது.”

“அப்படியானால் அதைப் பேசியது யார்?”



திருமேனி எழுந்தார். மூட்டையை அங்கேயே விட்டுவிட்டுச் சமையல்கட்டுக்கு நடந்தார்.

உள்ளே சிரிப்புச் சத்தம். அவர் தலை தெரிந்ததும் நின்றது.

திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்குச் சிரிச்சீங்க?”

சமையல் செய்யும் ராக்கப்பன் கரண்டியோடு நிமிர்ந்தான். “பூங்காவனம் பாயசத்துல உப்பப் போட்டுருச்சுண்ணே.”

பக்கத்தில் நின்ற பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் வந்ததும் ஏன் நிறுத்துனீங்க?”

ராக்கப்பன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“நீங்க எங்களை முறைச்சு முறைச்சுப் பாப்பீங்க. எங்கமேல ஏதோ கோவம்னு நெனைச்சோம். பயந்தாண்ணே.”

திருமேனி அம்மையிடம் திரும்பி வந்தார்.

“பாயசத்தில் உப்பு என்கிறான். நிஜமா அம்மா?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் இங்கே அல்லவா இருந்தேன்.”

“அந்த நினைப்பு இனிமேல் வராதா?”

“வரும். நாளைக்கே வரும்.”

“நிஜமா பொய்யா என்று தெரியாமல் எப்படி அம்மா இருப்பது?”

அம்மை மடியை உதறிக்கொண்டு எழுந்தார்.

“இலை போட்டாயிற்று,” என்றார். “ராக்கப்பன் பக்கத்தில் இடம் இருக்கிறது.”