குனிந்தால் ஏறும் வேகம்

கோவைக் கண்காட்சி அரங்கில் அன்று காலை ஒப்பந்தத் தொழிலாளி நசீமாவுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. புதுத் தலைமுறை செல்போன் சேவைக்கு மேடையில் ஆன்டெனா பொருத்தியவள் அவள்தான். கலெக்டரம்மா வர ஐந்தே நிமிடம். மேடைத் திரையிலோ போனின் இணைய வேகம் பூஜ்யத்தில் நிற்கிறது.

காரணம் அவளுக்குத் தெரியும். இந்தச் சேவையைச் சுமந்து வரும் மில்லிமீட்டர் அலை மின்னலாய்ப் பாயும். ஆனால் ஓர் ஆள் குறுக்கே நின்றால் தாண்டாது. பின்னால் மார்பளவு உயரத்தில் ஆன்டெனா, முன்னால் மேஜையில் அதே உயரத்தில் நிறுத்திய போன், நடுவில் மைக்கோடு தலைமைப் பொறியாளர் திருவேங்கடத்தான்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி..."

"எனக்கே பாடமா? எங்க அலை எதையும் துளைக்கும்னு இப்பத்தான் மைக்கில சொன்னேன். நான் நகர மாட்டேன். ஆன்டெனாவையும் மேஜையையும் நீ தொடக் கூடாது. கலெக்டர் வரும்போது இது ஓடணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

நசீமா ஆன்டெனாவையும் அவர் மார்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் வாசலில் சலசலப்பு.

"சார், கலெக்டரம்மா வந்துட்டாங்க! நல்லாக் குனிஞ்சு ஒரு வணக்கம் வைங்க!" என்றாள் நசீமா.

அவர் இடுப்புவரை வளைந்தார். திரையில் எண் விறுவிறுவென்று ஏறியது. அரங்கம் கைதட்டியது. பெருமையாக நிமிர்ந்தார்; பூஜ்யம். பதறிக் குனிந்தார், மறுபடி ஏறியது. கைதட்டல் சிரிப்பாக மாறியது.

"என்னம்மா பழுது?" என்று கலெக்டர் நசீமாவைக் கேட்டார்.

"கருவியில ஒண்ணுமில்லைங்க மேடம். சார் பணிவா இருந்தா நல்லா ஓடுதுங்க."

கலெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப மைக்கை நீங்க வாங்கிக்குங்க. சார் கீழே வந்து எங்கூட உட்காரட்டும்."

திருவேங்கடத்தான் மேடையிலிருந்து இறங்கினார். நசீமா மைக்கை வாங்கிக்கொண்டு ஓரமாய் நின்றாள். வேகம் அதன்பின் இறங்கவே இல்லை.