முன்னங்காலுக்கு ஐஸ் வைத்தவர்கள்

வெள்ளந்திப்பட்டியில் புத்திசாலிகளே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது சுத்தப் பொய். நாலு பேர் இருக்கிறார்கள். ஊரில் எந்தக் குழப்பம் வந்தாலும் நாலு பேரும் கூடி உட்கார்ந்து யோசிப்பார்கள். யோசித்து எழுந்ததும் குழப்பம் இரண்டாகியிருக்கும்.

அந்த நாலு பேரில் ஒருவன் காசிமாயன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். வயது முப்பத்தொன்று. நல்ல மனசு, அதைவிட நல்ல தொப்பை. போன தை மாசம் அவனுக்குப் பக்கத்து டவுனில் பெண் பார்க்கப் போனார்கள்.

பெண் பெயர் அங்கயற்கண்ணி. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வீடு இரண்டாவது மாடி. படியேறி உள்ளே வந்த காசிமாயனால் அஞ்சு நிமிஷத்துக்குத் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. கடைசியில் மூச்சு வந்து, "நான்தான் மாப்பிள்ளை" என்றான். யாரும் வேறு யாரையும் மாப்பிள்ளை என்று நினைத்திருக்கவில்லை. டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் கூடவே சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது, என்ன செய்ய!

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு மாடி ஏறினதுக்கே இப்படி மூச்சு வாங்குதே, நாளைக்கு எப்படிங்க? ரெண்டு மாசத்துல ஓட்டப் பந்தயம் வருது. உங்க ஊருக்கு ரோடு பிரியுற விலக்குல ஆரம்பிச்சு எங்க ஸ்கூல் வாசல் வரைக்கும் அஞ்சு கிலோமீட்டர். ஜெயிக்கல்லாம் வேண்டாம். நிக்காம ஓடி வாங்க, அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்" என்றாள்.

காசிமாயன் ஊருக்கு வந்ததும் வராததுமாக நண்பர்களிடம் ஓடினான். ஓடினான் என்றால் ஆட்டோவில்.

"டேய், எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்று புலம்பினான்.

"கை எதுக்குடா ஓடணும்? கால் ஓடினாப் போதும்னுதானே சொல்லியிருக்காங்க" என்று தவசி தைரியம் சொன்னான். இவன் டீக்கடைக்காரன். ஒச்சப்பன், மாவு மில்லில் வேலை பார்ப்பவன், அதை ஆமோதித்தான். நாலாவது ஆள் பரஞ்சோதி. பிளஸ் டூ பரீட்சையை மூணு தடவை எழுதியவன். ஆகையால் ஊரில் மற்றவர்களைவிட மூணு மடங்கு படித்தவன் என்று பெயர். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "முதல்ல ஷூ" என்றான்.

நாலு பேரும் டவுன் ஷூ கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தங்கமான மனுஷன். "புதுசா ஓடப்போறீங்களா? அடிப்பாகம் மெத்துனு இருக்கறதா எடுங்க. விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அளவு இடம் இருக்கணும். இறுக்கிப் பிடிச்சா ஷூ கடிச்சிரும்" என்றார்.

"கடிக்குமா?" நாலு பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"புது ஷூன்னா கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிடும்."

ஒச்சப்பன் தூரத்திலிருந்தே ஒரு ஷூவைக் காட்டி, "உள்ளே பட்டையா நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன சார்?" என்றான்.

"அதுவா? நாக்கு."

யாருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. பரஞ்சோதி மட்டும் துணிந்து ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் வரிசையாகக் கட்டை கட்டையாக ரப்பர். "அம்மாடி! பூராம் பல்லுடா!" என்று கையை உதறினான்.

கடையில் இருந்த நாற்பது ஜோடியையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் பல் இருந்தது. கல்யாணம் அவ்வளவுதான் என்று காசிமாயன் கண் கலங்கிய நேரத்தில், தவசியின் பார்வை கடைக்காரர் காலில் போட்டிருந்த ஷூ மேல் விழுந்தது. ஆறு வருஷப் பழசு. அடிப்பாகம் தேய்ந்து அப்பளமாகக் கிடந்தது.

"சார், காலைத் தூக்குங்க. ஆகா! ஒரு பல்லுகூட இல்ல. வயசான ஷூ மாப்ள, எல்லாம் கொட்டிப்போச்சு. இதால கடிக்கவே முடியாது!"

கடைக்காரர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவர்கள் விடவில்லை. புது ஷூ விலையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குக் கடைக்காரர் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனதாகக் கேள்வி.

முதல் நாளே காசிமாயனை அஞ்சு கிலோமீட்டர் விரட்டினார்கள். "அஞ்சு ஓடணும்னா அஞ்சு ஓடிப் பழகணும், ஒண்ணு ஓடிப் பழகினா ஒண்ணுதானே வரும்?" என்பது பரஞ்சோதியின் கணக்கு. அதே ஓட்டத்தை ஆறு நாள் விடாமல் ஓடினான். ஓடினான் என்பதைவிடத் தடால் தடால் என்று விழுந்து எழுந்தான் என்பது சரி. ஏழாம் நாள் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பு பூராவும் வலி உயிர் போனது.

டாக்டர் எலும்பை அமுக்கிப் பார்த்தார். "முன்னங்கால் வலி. எடுத்த எடுப்புல அதிகமா ஓடினா இப்படித்தான் ஆகும். தேய்ஞ்ச ஷூவை முதல்ல தூக்கிப் போடுங்க, புதுசு வாங்குங்க. பத்து நாள் ஓடாதீங்க. முன்னங்காலுக்கு நல்லா ஐஸ் வைங்க, ஒரு நாளைக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம். அதுக்கப்புறம் வாராவாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். ஒரேயடியாக் கூட்டிறக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று நாலு பேரும் தலையாட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து தலையாட்டினாலே டாக்டர் பயந்திருக்க வேண்டும். பாவம், ஊருக்குப் புதுசு.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் சபை கூடியது.

"முன்னங்கால்னு சொன்னாரே, அது மாட்டுக்குத்தானே இருக்கும்? மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்கணுமோ?" என்றான் தவசி.

"அங்க மனுஷனுக்குச் சீட்டுப் போட மாட்டாங்க. நான் போன வருஷம் காய்ச்சலுக்குக் கேட்டுப் பாத்துட்டேன்" என்றான் ஒச்சப்பன்.

"மனுஷனுக்கு எது முன்னங்கால்?"

"ஓடும்போது எது முன்னாடி போகுதோ அது."

"அடுத்த எட்டுல அது பின்னாடி வந்துருதே?"

காசிமாயனை நாலு எட்டு நடக்க விட்டுப் பார்த்தார்கள், இன்னும் குழம்பியது. கடைசியில் பரஞ்சோதி தொடையைத் தட்டினான். "கல்யாணம் முடிஞ்சு வர்ற பொண்ணுகிட்ட என்ன சொல்றோம்? வலது காலை எடுத்து வச்சு வாம்மாங்கறோம். ஆக, வலதுதான் முன்னங்கால். இடது பின்னங்கால். முடிஞ்சது வழக்கு."

"ஆனா ரெண்டு காலும்தான் வலிக்குது" என்றான் காசிமாயன்.

"பின்னங்கால் சும்மா கூடச் சேர்ந்து அழுகுது. டாக்டர் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாரா?"

அன்றே வைத்தியம் தொடங்கியது. காசிமாயனை நாற்காலியில் உட்கார வைத்து, வலது காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்து, எதிரே மூணு பேரும் கைகட்டி நின்றார்கள். தவசிதான் முதலில் ஐஸ் வைத்தான்.

"கால்னா இதுல்ல கால்! தேக்கு மரத்தைக் கடைஞ்சு வச்ச மாதிரி."

"இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு முழங்கால் கிடையாதுண்ணே" என்று ஒச்சப்பன் காலை அண்ணே என்றே கூப்பிட்டான்.

"ஐயா மனசு வச்சா ஒரு கல்யாணம் நடக்கும்" என்று பரஞ்சோதி பாதத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

காலையில் இருபது நிமிஷம், மத்தியானம் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம். கடிகாரம் பார்த்து ஐஸ் வைத்தார்கள். சொல்ல வார்த்தை தீர்ந்தபோது, எம்.எல்.ஏ. வந்தபோது ஒட்டிய போஸ்டரைக் கிழித்து வந்து பெயரை மாற்றிப் படித்தார்கள். இடையில் காசிமாயன் எழுந்திருக்கவே அனுமதியில்லை, கால் கோபித்துக்கொள்ளுமாம். பத்து நாள் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தே கிடந்தால் வலி என்ன செய்யும், அதுவும் கிளம்பிப் போய்விட்டது. இடது காலிலும்தான் போனது. ஆனால் யாரும் அதை விசாரிக்கவில்லை.

"பாத்தியா, ஐஸுக்கு மயங்காத ஆள் உண்டா?" என்றான் தவசி.

ஷூ விஷயத்திலும் டாக்டர் பேச்சைத் தட்டவில்லை. பல் உள்ள புது ஷூவே வாங்கினார்கள், ஒரு கட்டைவிரல் இடம் விட்டு. ஆனால் கடி பயம் போகவில்லை. தினமும் காலையில் அதன் நாக்கைத் தூக்கி உள்ளே ரெண்டு பிஸ்கட் போட்டு, வயிறு நிறைந்த பிறகுதான் காசிமாயன் காலை விட்டான்.

பிறகு தூரத்தைக் கூட்டும் வேலை. நாலு பேரும் நாலு விளக்குமாறு வாங்கினார்கள். முதல் வாரம் விலக்கிலிருந்து ஒரு கிலோமீட்டர் ரோட்டைக் கூட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாகக் கூட்டிவிடக் கூடாது என்று, நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று பேசினார்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்ச தூரம். பஞ்சாயத்தில் கூட்டுகிற பொன்னுத்தாயி, "எடுபட்ட பயலுகளா, என் வேலைக்கு உலை வைக்க வந்துட்டீகளா?" என்று விரட்டினாள். அவளுக்குப் பயந்து காசிமாயன் ஓடிய ஓட்டம்தான் அவனுக்கு உண்மையான பயிற்சி. தினமும் விரட்டினாள், புண்ணியவதி.

டாக்டர் ஒருநாள் வழியில் பார்த்தார். "எவ்வளவு தூரம் கூட்டியிருக்கீங்க?"

"நாலு கிலோமீட்டர் வந்துட்டோம் டாக்டர்."

"பேஷ்! கால் வலி?"

"கால்ல ஒண்ணுமில்ல. இடுப்புதான் விட்டுப்போச்சு."

டாக்டர் யோசித்துக்கொண்டே போனார்.

பந்தய நாள் வந்தது. வெள்ளந்திப்பட்டி ரோடு கண்ணாடி மாதிரி கிடந்தது. காசிமாயன் ஓட, பக்கத்தில் ஒரே மொபெட்டில் மூணு பேரும் வந்தார்கள். தவசி ஓட்டினான், மற்ற இருவரும் குனிந்து குனிந்து வலது காலுக்கு ஐஸ் வைத்தார்கள். எல்லாரும் முடித்து, டீ குடித்து, வீட்டுக்கும் போன பிறகு, காசிமாயன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை! அங்கயற்கண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் அவள் அப்பாவும் அம்மாவும் தாம்பூலத் தட்டோடு நின்றார்கள்.

காசிமாயன் முடிவுக் கோட்டைத் தாண்டினான். தட்டைத் தாண்டினான். மாமனாரைத் தாண்டினான். போய்க்கொண்டே இருந்தான்.

"ஏங்க! எங்க போறீங்க? நில்லுங்க!" டீச்சர் பின்னாலேயே ஓடினாள். பி.டி. டீச்சர் அல்லவா, அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டாள்.

"நீங்கதானே நிக்காம ஓடி வரச் சொன்னீங்க?" என்றான் மூச்சிரைக்க.

"முடிஞ்சிருச்சுங்க, நில்லுங்க!"

"நான் நின்னா கல்யாணம் நின்னுபோயிருமே!" சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் நிக்க மாட்டேன் டீச்சர். உங்களை விட்டுற மாட்டேன்."

அவள் அதட்டிப் பார்த்தாள், விசில் ஊதிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பின்னால் ஷேர் ஆட்டோவில் தட்டோடு அப்பாவும் அம்மாவும் துரத்திக்கொண்டு வந்தார்கள். எட்டாவது கிலோமீட்டரில் ஒச்சப்பன் மொபெட்டில் இருந்து தலையை நீட்டினான். "அவன்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல டீச்சர். வலதுதான் முன்னங்கால். அதுக்கு ஐஸ் வைங்க. அது சொன்னாக் கேக்கும்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். வேறு வழியில்லை. ஓடிக்கொண்டே குனிந்து, "முன்னங்காலே, தங்கமே, உன்னை மாதிரி ஒரு காலை நான் கண்டதில்ல. எனக்காகக் கொஞ்சம் நில்லேன் ராசா" என்றாள்.

வலது கால் அந்த இடத்திலேயே ஆணி அடித்தது மாதிரி நின்றது.

ஆனால் இடது காலுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ரெண்டு மாசமாகப் பொருமிக்கொண்டிருந்த கால் அது. அதுபாட்டுக்கு ஓடியது. வலது கால் ஊன்றியிருக்க, இடது கால் ஓட, காசிமாயன் ரோட்டு நடுவில் பம்பரமாகச் சுற்றினான். விழுந்துவிடப் போகிறானே என்று டீச்சர் கையை எட்டிப் பிடித்தாள். அவளையும் இழுத்துக்கொண்டு சுற்றினான்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய மாமனார் திகைத்து நின்றார். பரஞ்சோதிக்கு மட்டும் பளிச்சென்று புரிந்துவிட்டது. "கையைப் பிடிச்சாச்சு, சுத்த ஆரம்பிச்சாச்சு! அக்கினி எங்கடா?" என்று கத்தினான். தவசி வாயிலிருந்த பீடியை எடுத்து அவர்கள் காலடியில் பயபக்தியோடு வைத்தான். மாமியார் தட்டிலிருந்த பூவை அள்ளி ஒச்சப்பன் தூவினான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு! மூணு சுத்து முடிஞ்சது, கல்யாணம் முடிஞ்சது" என்று அறிவித்த பரஞ்சோதி, மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எத்தனையோ கல்யாணம் பாதியில நின்னுபோய்ப் பாத்திருக்கேன் ஐயா. கொஞ்சம்கூட நிக்காம நடந்த கல்யாணம் இது ஒண்ணுதான்."

பதினொன்றாவது சுற்றில் புது மாப்பிள்ளை, புதுப் பெண்ணின் காதருகே குனிந்து கெஞ்சினான்: "டீச்சர், அப்படியே அந்தப் பின்னங்காலுக்கும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிருங்களேன்."