ஒரே வரி சொன்ன பதினொரு பேர்

குளிர்தேசத்து நகரம் ஒன்றில், அகதி மனுக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது தவநேசனின் வேலை. வயது ஐம்பத்திரண்டு. ஊரில் இங்கிலிஷ் படிப்பித்தவர். ஆங்கில மரபுத்தொடர்கள் அறுநூறும், அவற்றின் பொருளும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, பாவம்.

தொழில் பழக்கியவர் சுகிர்தா. பதினைந்து வயது இளையவர் என்றாலும் தவநேசன் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தவநேசன் சுகிர்தாவின் அறையில் முகம் செத்து வந்து நின்றார். மங்களேஸ்வரி என்ற தாயின் மனு தள்ளுபடியாகிவிட்டது. மகனைப் பிடித்துக்கொண்டு போனபோது எப்படி இருந்தது என்று அதிகாரி கேட்டிருந்தார். அந்த அம்மாவின் பதிலுக்கு, 'என் இரத்தம் குளிர்ந்து ஓடியது' என்று வரும் ஆங்கிலத் தொடரை இவர் எடுத்துப் போட்டார். சொந்த அனுபவமாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். வியாழக்கிழமை மேல்முறையீடு. அதுவும் போனால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

"என்ன பிழை விட்டனான் ரீச்சர்? அவவும் பயத்தைத்தான் சொன்னவ. நானும் பயத்தைத்தான் சொன்னனான்."

சுகிர்தா அலமாரியைத் திறந்தார். தவநேசன் மொழிபெயர்த்த பழைய வாக்குமூலங்களில் பதினொன்றை எடுத்து நீட்டினார். பெயர்களை அழித்திருந்தார்கள். கோடிட்ட வரியை மட்டும் உரத்து வாசிக்கச் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்லவேண்டும். தொழிலின் விதி அது. தவநேசன் அப்படியே வாசித்தார்.

கடலில் தம்பியைப் பறிகொடுத்தவர். என் இரத்தம் குளிர்ந்து ஓடியது. முகாமில் இருந்த பதினாறு வயதுப் பெண். என் இரத்தம் குளிர்ந்து ஓடியது. பங்கர் குழிக்குள் மனைவியின் உடலோடு இரண்டு நாள் கிடந்தவர். என் இரத்தம் குளிர்ந்து ஓடியது.

பத்தாவது தாளில், தான் வாய் திறக்கும் முன்பே யாரோ அந்த வரியைச் சொல்லி முடிப்பதுபோல் இருந்தது. குரல் அவருடையதுதான். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. தவநேசனுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"பதினொரு இடத்திலயும் ஒரே ஆள்தான் நிண்டிருக்கிறார் போல கிடக்கு," என்றார் சுகிர்தா.

"இவையெல்லாம் இப்ப எங்க ரீச்சர்?"

"நாலு பேரைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். மற்றவையைப் பற்றித் தெரியாது."

பிறகு மங்களேஸ்வரியின் ஒலிப்பதிவைப் போட்டார். களைத்த குரல்.

"அவங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போறாங்கள். நான் அடுப்பில கிடந்த பாலை இறக்கி வச்சனான். பொங்கிப்போடும் எண்டு."

"சொல்லுங்கோ அண்ணை," என்றார் சுகிர்தா.

தவநேசன் வாயைத் திறந்தார். பழைய வரிதான் தானாக வெளியே வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே வரி. மூன்றாம் முறை, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, இங்கிலிஷில் சொன்னார். என் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நான் பாலை இறக்கி வைத்தேன்.

"இதில பயம் எண்ட சொல்லே இல்லையே ரீச்சர். கேக்கிறவைக்கு என்னெண்டு விளங்கும்?"

சுகிர்தா மேசையில் கிடந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார்.

"அப்ப உங்கட கை ஏன் நடுங்குது?"