தேரிக்காட்டு விராலி

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மடம். அதன் குரு சண்முகத்தாய்க்கு நாற்பது வயது. அவருடைய சீடர் தவசிலிங்கத்துக்கு எழுபது. பாதி ஆயுளைப் போராட்டத்திலும் சிறையிலும் கழித்துவிட்டு வந்தவர்.

ஒரு காலையில் அவர் கேட்டார்.

"அம்மா, நாளைக்கு ஊரில் வெற்றி விழா. வழக்கம்போல எனக்கு மாலை போடக் கூப்பிட்டிருக்காங்க. போகவா, வேண்டாமா?"

"என்ன வெற்றி, அண்ணாச்சி?"

"தேரி மணலை அள்ள வந்த கம்பெனியை விரட்டினோம்லா, அது."

"எப்படி விரட்டினீரு?"

"அரசாங்கத்துக்கு உழாத மண்ணெல்லாம் தரிசு. தரிசுன்னு எழுதிட்டா எவனுக்கும் கொடுக்கலாம். அதனால காட்டில் நின்ன விராலிச் செடியை எல்லாம் வேரோட பிடுங்கச் சொன்னேன். உழுது காட்டினோம். அளக்க வந்தவன் வாயைப் பிளந்தான். கம்பெனி ஓடிட்டு."

அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது.

"பிறகு?"

முதுகு தளர்ந்தது.

"ஆடிக் காத்து வந்துது. மணலைப் பிடிச்சு வைக்கச் செடி இல்லை. கீழத்தெரு மொத்தத்தையும் மணல் மூடிட்டு. அந்த ஜனம் இன்னும் ரோட்டோரத்தில் கொட்டகை போட்டுக் கிடக்கு."

"அவங்ககிட்ட என்ன சொன்னீரு?"

"அந்த வருஷக் காத்து பொல்லாததுன்னு சொன்னேன்."

சண்முகத்தாய் வாசலுக்கு வெளியே கை நீட்டினார். கொதிக்கும் செம்மணலில் ஒரு விராலி பச்சை மாறாமல் நின்றது.

"அதைப் பிடுங்கிட்டு வாரும்."

தவசிலிங்கம் போனார். செடியைச் சுற்றி வந்தார். குனிந்து அடித்தண்டைப் பிடித்தார். வெறுங்கையோடு திரும்பினார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு காட்டையே பிடுங்கின ஆளு!"

"கை வரல்லம்மா."

"அன்னைக்கு வந்துதே?"

"அன்னைக்கு ஊரே கூட நின்னு கோஷம் போட்டுது."

 சீடர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு மேடையில் உள்ளதைச் சொல்லிடலாம்னு தோணுது. ஆனா அந்தக் கொட்டகை ஜனத்துக்கு மிஞ்சினது அந்த ஒரு வெற்றிதான். இத்தனை வருஷம் கழிச்சு, வீடு மூடினதுக்குக் காரணம் காத்து இல்ல, நாமதான்னு எப்படிச் சொல்ல?"

சண்முகத்தாய் அவரைப் பார்த்தார்.

"செடியைப் பிடுங்கினது அவங்க கை. மூடினது அவங்க வீடு. தெரியாமலா உமக்கு வருஷா வருஷம் மாலை கட்டுதாங்க?"