முன்னணையில் படுத்த முயல்குட்டி

குளக்கரைக் காட்டு மிருகங்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் கொண்டாடும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. டிசம்பரில் பிறந்த ஆகச் சிறிய குட்டி எதுவோ, அதைத்தான் குடிலின் முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், பாலன் இயேசுவாகப் படுக்க வைக்கும். புலியும் மானும்கூட அதன் முன்னால் சேர்ந்து மண்டியிடும்!

இந்த ஆண்டு அந்தப் பாக்கியம் முயல் செசிலியின் மகனுக்கு. பிறந்து ஆறே நாள். கண்கூடத் திறக்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானமே செசிலி மகனைத் தொட்டியில் கிடத்தியது.

"ரெண்டு வாய் புல் மேஞ்சாத்தான் எனக்குப் பால் ஊறும். ஓடிப் போயிட்டு வந்துடறேன். பிள்ளையைப் பாத்துக்குங்க!"

"நீ பயப்படாம போயிட்டு வாம்மா! இத்தனை பேர் இருக்கோம்ல?" என்றது யானை சவரிமுத்து. அதுதான் விழாத் தலைவர்.

இத்தனை பேர் இருந்ததுதான் வினையாகப் போயிற்று. அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொன்றும் நினைத்தது. வேலைக்கா பஞ்சம்?

பாலனுக்குப் பரிசு கொண்டுவரும் மூன்று ஞானிகளாக வேஷம் கட்டிய நரிகள் மூலையில் மல்லுக்கு நின்றன. "தங்கம் நான்தான் கொண்டு போவேன்! நீ சாம்பிராணியைத் தூக்குடா!"

குரங்கு ஒரு கட்டு வைக்கோலோடு வந்தது. அதன் கண் முழுக்க மேலே கட்டிய தோரணத்தில். அண்ணாந்து பார்த்தபடியே வைக்கோலைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனது. மயில் வந்து அதன்மேல் தோகைகளைச் செருகியது. "ஆகா! என் கைக்கு ஈடே கிடையாது!" என்று தானே மெச்சிக்கொண்டது. பிறகு சவரிமுத்து பெரிய மூங்கில் நட்சத்திரத்தைத் தூக்கி வந்தது. கட்டுவதற்குக் கயிறு கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று அதைத் தொட்டியின் மேலேயே வைத்தது.

பாலனைக் காண வாருங்கள் என்று வாத்துகள் தொண்டை கிழியப் பாடிப் பழகின. ஒன்றுகூடத் தொட்டிக்குள் பார்க்கவில்லை. கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதைதான்!

செசிலி திரும்பி வந்தது. குடிலைப் பார்த்தது.

"எம் புள்ள எங்கே?"

பாட்டு நின்றுவிட்டது.

"நரிங்கதான்!" என்று கத்தியது குரங்கு.

"ஐயோ, அபாண்டம்! வேணும்னா எங்க வாயை மோந்து பாருங்க!" மூன்று நரிகளும் வாயைத் திறந்து காட்டின. ரத்த வாடை இல்லை.

அப்படியானால் குட்டி எங்கே? எல்லாருடைய கண்ணும் தொட்டிக்குப் போனது. சவரிமுத்து பாய்ந்து நட்சத்திரத்தைத் தூக்கி எறிந்தது. செசிலி உள்ளே குதித்து, தோகையும் வைக்கோலும் பறக்கப் பறக்கத் தோண்டியது.

அடியில் குட்டி கிடந்தது. அசைவே இல்லை.

செசிலி நக்கியது. மூக்கால் புரட்டிப் புரட்டி நக்கியது. கடைசியில் குட்டி ஒரு தும்மல் தும்மியது. பிறகு ஈனசுரத்தில் கத்தியது. இதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு பதறுகிறது!

"ஐயோ, நானே கொல்லப் பாத்தேனே! பிள்ளையை நசுக்கவா நட்சத்திரம் செஞ்சேன்?" என்று சவரிமுத்து வாய்விட்டு அழுதது.

மயில் மெல்ல வந்து கேட்டது. "செசிலி அக்கா, அதான் பிழைச்சிடுச்சே. திரும்பப் படுக்க வைங்க. பூசைக்கு நேரமாச்சு."

"பிள்ளையைப் பாக்கக்கூட உங்களுக்கு நேரமில்ல. உங்க தொட்டியை நீங்களே அலங்காரம் பண்ணி வச்சுக்குங்க!"

செசிலி குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டது.

பொழுது சாய்ந்தது. வழக்கம்போலப் புலியும் மானும் ஒன்றாகக் குடிலுக்கு வந்தன. தோரணம் இருந்தது. நரிகளின் ஞானி கிரீடங்கள் மின்னின. மண்டியிடப் போன புலி, தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றது.

"இங்கே யாருமே இல்லையே! யார் முன்னால மண்டி போடுறது?"



விழா யாருக்காகவோ அவரை மறந்துவிட்டு ஆடம்பரத்தில் மூழ்குகிறவர்களுக்கு, அலங்கரித்த வெறும் தொட்டிதான் மிஞ்சும்.