உள்ளே போன பூ

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத காலம் அது. அந்தக் காலத்தில், கண்ணுகளே, ஒரு மலையடிவாரத்தை வேங்கைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். சின்ன ராஜ்யம்தான். காலையில் நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்.

அவனுடைய ராணி நித்திலை. கடலோரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மணலும் உப்புக்காற்றும் அவளுக்குத் தெரியும். செம்மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், அன்றைக்கே மலையிலிருந்து ஒரு நிலப்பனைச் செடியைக் கொண்டுவந்து கொல்லையில் நடுவார்கள். பனை என்று பேர்தான், உயரம் என்னவோ ஒரு சாண். ஓலை மாதிரி நாலு இலை. அதன் அடியில், மண்ணை ஒட்டினாற்போல, மஞ்சளாய் ஆறிதழ்ப் பூ ஒன்று. அடுத்த வருஷம் முதல் மழைக்கு அது மறுபடி பூக்கும். பூத்த அன்றுதான் தாய் தன் பிள்ளைக்குப் பேர் சொல்லலாம்.

மழை வந்து பத்து நாளாகியும் பூக்காவிட்டால்? அந்த வீட்டு மண் பிள்ளையை ஏற்கவில்லை என்று அர்த்தம். முதலில் பூத்த வீட்டுக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும். அது அங்கே வளரும், அவர்கள் வைக்கும் பேரில். குடிசைக்கும் இதே வழக்கம், அரண்மனைக்கும் இதே வழக்கம்.

நித்திலைக்கு ஒரு மகன் பிறந்தான். பூனைக்குட்டி கனம்தான் இருந்தான். பேர் வைக்கும் வரைக்கும் எல்லாரும் அவனைச் ‘சின்னது’ என்றே கூப்பிட்டார்கள். அரண்மனைக் கொல்லையில், வாகை மரத்துக்குப் பக்கத்தில், நிலப்பனையும் நட்டாயிற்று.

நித்திலைக்கு அன்றிலிருந்து பயம். பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். அழுதால் ஏன் அழுகிறது என்று நடுங்குவாள். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று நடுங்குவாள். அவனைத் தரையில் விட்டதே இல்லை. எட்டு மாதமாயிற்று, ஒன்பது மாதமாயிற்று, பிள்ளை இடுப்பை விட்டு இறங்கவில்லை.

கோடை வந்தது. நிலப்பனையின் இலை பழுத்தது, காய்ந்தது, ஒரு நாள் காணாமலே போயிற்று. வெறும் மண்!

தோட்டக்காரி மாராயியைக் கூப்பிட்டாள் ராணி. “செடி எங்கே?”

“அது உள்ள போயிருக்குதுங்க அம்மணி” என்றாள் மாராயி, யாரோ தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போன மாதிரி.

நித்திலை பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் பிறந்த கரையில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் செத்தான் என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே போய்விட்டான் என்பார்கள். அவளுடைய அண்ணன் கடலன் அப்படித்தான் உள்ளே போனான். போனவன் போனவன்தான்.

ஓடினாள் ராஜாவிடம். “இந்த வழக்கத்தை மாற்றுங்கள். நீங்கள் ராஜாதானே?”

“ராஜாதான். ஆனால் என் பேரே அப்படி ஒரு பூ கொடுத்தது, நித்திலை. அதை நான் எப்படி மாற்ற?” என்றான் அவன். சொல்லிவிட்டுப் பிள்ளையின் உச்சியை முகர்ந்தான்.

அதற்குமேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. முதலில், செடி இருந்த இடத்துக்குக் காலையில் ஒரு குடம், உச்சிவேளையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். பிறகு, வெயில் படாமல் பந்தல் போட்டு, எறும்பு அண்டாமல் ஏழு பேரைக் காவல் வைத்தாள். மூன்றாவதாக, யார் சொல்லியும் கேளாமல், தன் நகத்தாலேயே மண்ணைத் தோண்டிப் பார்த்தாள்.

உள்ளே விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கிழங்கு இருந்தது. தொட்டாள். கீழ்ப்பாதி கொழகொழவென்று கையோடு வந்தது.

“ஐயோ, அழுகிவிட்டதே!”

மாராயி வந்து பார்த்தாள். “அழுகாம என்னுங்க பண்ணும்? கோடையில அது தூங்குற நேரம். மூணு வேளையும் மூஞ்சியில தண்ணி ஊத்துனா?” அரிவாளை எடுத்தாள். அழுகினதை வெட்டி எறிந்தாள். வெட்டுவாயில் சாம்பல் தேய்த்தாள். மிஞ்சியது கட்டைவிரல் நுனி அளவு, அதன் தலையில் ஒரு சின்ன மொட்டு. அதை மண்ணுக்குள் வைத்து மூடினாள். “இனிமே தொடாதீங்க அம்மணி. இதுக்கு வந்த சீக்கே உங்க கைதானுங்க.”

நித்திலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பூக்காமல் போனால் என் பிள்ளையை உன் வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்று பார்க்கிறாய், இல்லையா?”

மாராயி சிரித்துவிட்டாள். “எனக்கே ஆறு இருக்குதுங்க. மூக்குத் தொடைக்கவே கை பத்தல. ஏழாவதா இவனையுமா?” பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்: “உள்ள போனதெல்லாம் எங்க ஊருல திரும்பி வருமுங்க.”

பந்தலைப் பிரித்தார்கள். காவலைத் திருப்பி அனுப்பினார்கள். குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். வாகை இலை உதிர்ந்து அந்த இடத்தை மூடியது. அதைக்கூடப் பெருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் ராணி. சொல்லிவிட்டாளே தவிர, கை கேட்க வேண்டுமே! தோண்டிப் பார், ஒரே ஒரு தடவை பார் என்று விரலெல்லாம் அரித்தது. அரிக்கும்போதெல்லாம் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மழை வந்தது. மலையே இறங்கி வந்த மாதிரி ஒரு மழை.

மூன்றாம் நாள் குயவர் வீட்டில் பூத்தது. ஐந்தாம் நாள் ஆட்டுக்காரர் வீட்டில் பூத்தது. ஏழாம் நாள் கணக்கர் வீட்டில் பூத்தது. ஒவ்வொரு வீட்டிலும் பறை முழங்கியது, ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் கிடைத்தது. அரண்மனைக் கொல்லையில் ஈரச் சருகு மட்டும்.

பத்தாம் நாள் காலை. பிள்ளையை வாங்கிக்கொள்ளக் குயவர் வீட்டுப் பெண் புதுத்துணியோடு வந்து நின்றாள். பாவம், அவள் கண்ணிலும் தண்ணீர்.

நித்திலையின் இடுப்பில் பிள்ளை முண்டினான். கீழே, கீழே என்று காலை உதைத்தான். இனி எத்தனை நேரம் அவன் தன்னுடையவன்? அவன் கேட்ட ஒன்றையாவது கொடுப்போம் என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அவனை மண்ணில் விட்டாள்.

பிள்ளை இரண்டு உள்ளங்கையையும் ஈரமண்ணில் பதித்தான். அதிசயமாய்ப் பார்த்தான். பிறகு தவழ்ந்தான்! யாரும் சொல்லிக்கொடுக்காமல், இத்தனை நாளும் உள்ளே வைத்திருந்ததை வெளியே எடுத்தவன்போல, விடுவிடென்று தவழ்ந்து வாகை மரத்தடிக்குப் போனான். சருகை ஒரு பிடி அள்ளி எறிந்தான்.

அங்கே, மண்ணோடு மண்ணாக, ஒரு மஞ்சள் நட்சத்திரம்.

ஆறு இதழ். நகக்கண் அளவு. இலைகூட இன்னும் விரியவில்லை. பாதி அழுகி, அரிவாள் பட்டு, சாம்பல் பூசி, இருட்டுக்குள் கிடந்த ஒரு துண்டு. மழை வந்துவிட்டது என்று அதற்கு யார் போய்ச் சொன்னார்கள்? மேலே எந்தப் பக்கம் என்று யார் காட்டினார்கள்? ராஜா தலைப்பாகையைக் கழற்றினான்.

பிள்ளை பூவைத் தொட விரலை நீட்டினான். ‘தொடாதே’ என்று நித்திலையின் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அவன் தொட்டான். பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பேர் சொல்லுங்க அம்மணி” என்றாள் மாராயி.

“கடலன்.”

“மலைக்காட்டுப் பையனுக்குக் கடலுங்களா?”

“உள்ளே போனவன் பேர்” என்றாள் நித்திலை. “உங்கள் ஊரில் திரும்பி வருமென்று சொன்னாயே.”

ஆகையால் கண்ணுகளே, காக்கத் தெரிந்த கைக்கு, சற்றே விலகி இருக்கவும் தெரிய வேண்டும்.